அமெரிக்க அஞ்சல் விதிகள் மாறும்போது: மாற்றத்தைக் கண்டறிந்து, படித்து, உங்கள் தபாலைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஜூலை 13 அன்று அமெரிக்காவில் ஒரு அவுன்ஸ் கடிதத்துக்கான ஸ்டாம்ப் விலை 73 சென்ட்டிலிருந்து 78 சென்ட்டாக உயர்ந்தது. அதைப் பற்றிப் பேசாதவர் குறைவு. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, தபால் முத்திரையில் இருக்கும் தேதி எதற்குச் சான்று, எதற்குச் சான்றல்ல என்று விளக்கும் புதிய பகுதி ஒன்று அஞ்சல் விதிநூலில் நடைமுறைக்கு வந்தது. வரிக் கணக்கைக் கடைசி நாளில் தபாலில் போடுகிறவருக்கு முந்தைய மாற்றத்தால் இழப்பு ஐந்து சென்ட். பிந்தையதை அறியாவிட்டால் அபராதமே வரக்கூடும். கையில் பழைய ஃபாரெவர் ஸ்டாம்ப் வைத்திருப்பவருக்கோ அந்த ஐந்து சென்ட் இழப்பும் இல்லை. ஏனென்றால் 2007இல் அறிமுகமான அந்த ஸ்டாம்ப், விலை எவ்வளவு ஏறினாலும் ஒரு அவுன்ஸ் கடிதத்துக்கு என்றும் செல்லும்.

விலை மாற்றத்தை யாராவது நமக்குச் சொல்லிவிடுவார்கள். அளவு, வடிவம், முகவரி, லேபிள், முத்திரை ஆகியவை பற்றிய விதி மாற்றத்தை நாமே தேடிப் போக வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து சிறு வணிகம் நடத்துபவர்களையும், சங்கங்களின் செய்திமடலை அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்களையும், ஆண்டுக்கு ஓரிரு முறை முக்கியமான ஆவணத்தை அனுப்புகிறவர்களையும் மனத்தில் வைத்து, அந்தத் தேடலின் வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: விதி இருக்கும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள்

உள்நாட்டுத் தபாலுக்கான விதிகள் அனைத்தும் டொமெஸ்டிக் மெயில் மேனுவல் என்ற நூலில் இருக்கின்றன. தொழிலில் இருப்பவர்கள் அதை டி.எம்.எம். என்றே சொல்வார்கள். இது அலுவலக வசதிக்காக எழுதி வைத்த கையேடு மட்டும் அன்று. மத்திய அரசின் ஒழுங்குமுறைத் தொகுப்பில் 39ஆம் தலைப்பின் 111ஆம் பகுதி இந்த நூலைத் தன்னுள் சேர்த்துக்கொள்வதால், இதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் விதியின் வலு உண்டு. கவுண்டரில் இருப்பவர் நினைவிலிருந்து சொல்வதும் இந்த நூலில் இருப்பதும் முரண்பட்டால், நூலில் இருப்பதே செல்லும்.

நூலின் எண் அமைப்பை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும். 100 என்று தொடங்குவது கவுண்டரிலும் தெருவோர நீலத் தபால் பெட்டியிலும் போடும் தனிநபர் தபாலுக்கானது. 200 மொத்தமாக அனுப்பும் வணிகத் தபாலுக்கானது. பதிவு, காப்பீடு போன்ற கூடுதல் சேவைகள் 500இல் உள்ளன. எல்லாருக்கும் பொதுவான அடிப்படை விதிகள், அதாவது எதை அனுப்பலாம், முகவரி எப்படி இருக்க வேண்டும், கட்டணத்தை எப்படிச் செலுத்தலாம் என்பவை, 600இல் உள்ளன. முதன்முறை படிப்பவர்கள் 101, 601, 602 ஆகிய மூன்றையும் படித்தாலே பெரும்பாலான தேவைகள் முடிந்துவிடும். கட்டணப் பட்டியல் நோட்டீஸ் 123 என்ற தனி ஆவணம். ஆபத்தான பொருள்களுக்கு 52ஆம் எண் வெளியீடு. முகவரி எழுதும் முறைக்கு 28ஆம் எண் வெளியீடு. இவை எல்லாம் போஸ்டல் எக்ஸ்புளோரர் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், அச்சுப்படி பழசாகிப்போனதை அது உங்களிடம் சொல்லாது.

இரண்டாம் படி: மாற்றம் வரும் வழிகளைக் கவனியுங்கள்

விலையும் விதியும் வெவ்வேறு வழிகளில் வருகின்றன. கடிதம் போன்ற, அஞ்சல் சேவைக்குக் கிட்டத்தட்டப் போட்டியே இல்லாத இனங்களின் விலையை உயர்த்த, அஞ்சல் சேவையைக் கண்காணிக்கும் போஸ்டல் ரெகுலேட்டரி கமிஷனிடம் முன்கூட்டியே மனு அளிக்க வேண்டும். ஆகையால் ஜூலையில் வரும் விலையை ஏப்ரலிலேயே அறிந்துவிடலாம். விதி மாற்றமோ பெரும்பாலும் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழ் வழியாக வருகிறது. மற்ற மத்திய அரசு அமைப்புகள் விதி இயற்றும்போது பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்ற பொதுச் சட்டக் கட்டாயம் அஞ்சல் சேவைக்குப் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் முக்கியமான மாற்றங்களுக்கு முன்மொழிவை வெளியிட்டுக் கருத்துக் கேட்பதை அது வழக்கமாக வைத்திருக்கிறது. அந்தக் கால அவகாசத்தில் எழுதி அனுப்பப்படும் ஆட்சேபங்களுக்கு இறுதி விதியில் பதில் எழுதப்படுவதையும் காணலாம்.

பலர் தவறவிடும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. 1880 மார்ச் 4 முதல் வெளிவரும் போஸ்டல் புல்லட்டின் என்ற இதழ் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. சொல் திருத்தம், விளக்கச் சேர்க்கை, படிவ எண் மாற்றம் போன்ற சிறு மாற்றங்கள் அரசிதழுக்குப் போகாமல் இதில் மட்டுமே வருவதுண்டு. சிறு மாற்றம் என்பது அஞ்சல் சேவையின் பார்வையில்தான்; அந்த ஒரு சொல் உங்கள் உறையின் மேல் அச்சிட்டிருக்கும் வாசகமாக இருந்தால் அது உங்களுக்குப் பெரிய மாற்றம். இரு வாரங்களுக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த இதழின் பொருளடக்கத்தில் டி.எம்.எம். திருத்தம் என்று ஏதேனும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாம் படி: அறிவிப்பைச் சரியான வரிசையில் படியுங்கள்

அரசிதழ் அறிவிப்பைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது முன்மொழிவா, இடைக்கால விதியா, இறுதி விதியா என்பதை. முன்மொழிவைப் படித்துவிட்டு உறைகளை மாற்றி அச்சடித்தவர்களின் கதைகள் உண்டு. முன்மொழிந்த வடிவத்திலேயே இறுதி விதி வரும் என்று யாரும் உறுதி தருவதில்லை. அடுத்தது நடைமுறைக்கு வரும் தேதி. அது நீங்கள் அச்சகத்துக்கு ஆர்டர் கொடுக்கும் தேதியைப் பற்றியதன்று. தபால் கவுண்டரில் ஏற்கப்படும் தேதியைப் பற்றியது. வேலையை முந்தைய வாரமே முடித்திருந்தாலும், ஒப்படைக்கும் நாளில் நடப்பிலுள்ள விதிக்கு உங்கள் தபால் பொருந்த வேண்டும்.

பிறகு அறிவிப்பின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். எந்த எண்ணுள்ள பத்தி நீக்கப்படுகிறது, எது திருத்தப்படுகிறது, புதிய வாசகம் என்ன என்பது அங்கேதான் இருக்கும். நடுவில் வரும் நீண்ட விளக்கம் ஏன் மாற்றினார்கள் என்று சொல்கிறது. அதுவும் பயனுள்ளதே, ஆனால் கட்டுப்படுத்துவது கடைசியில் உள்ள வாசகம்தான். பழைய வாசகத்தை ஒரு பக்கத்திலும் புதியதை மறுபக்கத்திலும் வைத்து ஒப்பிடுங்கள். 'வேண்டும்' என்ற சொல்லும் 'வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது' என்ற சொல்லும் இடம் மாறியிருந்தால், மாற்றத்தின் உயிர்நாடி அதில்தான் இருக்கும்.

நான்காம் படி: உங்கள் கடிதத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள்

கடிதம் என்ற விலைக்குள் வருவதற்கு ஓர் உறை குறைந்தது 5 அங்குல நீளமும் 3.5 அங்குல உயரமும் 0.007 அங்குலத் தடிமனும் கொண்டிருக்க வேண்டும். அதிகபட்சம் 11.5 அங்குல நீளம், 6.125 அங்குல உயரம், 0.25 அங்குலத் தடிமன். 6.125 என்பதை நம் பழைய கணக்கில் ஆறே அரைக்கால் என்பார்கள். அந்த அரைக்காலைத் தாண்டினாலும் அது கடிதமல்ல, 'ஃப்ளாட்' என்ற பெரிய உறை. எடை 3.5 அவுன்ஸைத் தாண்டினாலும் அப்படியே. ஃப்ளாட்டின் மேல் எல்லை 15 அங்குல நீளம், 12 அங்குல உயரம், 0.75 அங்குலத் தடிமன். அதோடு, ஃப்ளாட் வளைய வேண்டும், தடிமன் எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்க வேண்டும். விறைப்பான அட்டைக்குள் வைத்த புகைப்படம் அளவில் சரியாக இருந்தாலும் பார்சல் விலைக்குப் போய்விடும்.

இத்தனை அளவுகளுக்கும் காரணம் ஒன்றுதான்: பிரிப்பு இயந்திரம். மனிதக் கை தொடாமல் கடிதம் அதனுள் ஓட வேண்டும். ஓடாத கடிதத்துக்குத் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. நீளத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண் 1.3க்கும் 2.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது இதில் எல்லாரும் மறக்கும் விதி. சதுர உறையில் அந்த எண் 1. ஆகவே எவ்வளவு அழகாக இருந்தாலும், எடை ஒரு அவுன்ஸுக்குள் இருந்தாலும், அது இயந்திரத்தில் ஓடாத கடிதமே. 2025 ஜூலை விலைப்படி 78 சென்ட்டோடு 49 சென்ட் சேர்ந்து 1.27 டாலர். திருமண அழைப்பிதழ் வடிவமைப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 200 அழைப்பிதழ் அனுப்புகிறவருக்கு 98 டாலர் வித்தியாசம். கொக்கி வைத்த உறை, கயிறு கட்டிய உறை, உள்ளே சாவியோ பேனாவோ இருந்து ஓரிடத்தில் மட்டும் புடைத்த உறை, முகவரியைக் குறுகிய பக்கத்துக்கு இணையாக எழுதிய உறை ஆகியவையும் இதே வகையில் சேரும்.

முகவரி இருக்கும் இடமும் இயந்திரத்துக்காகவே வகுக்கப்பட்டது. உறையின் கீழ் விளிம்பிலிருந்து 0.625 அங்குலம் முதல் 2.75 அங்குலம் வரையிலும், இருபுறமும் அரை அங்குலம் விட்டும் உள்ள பகுதியில்தான் படிக்கும் கருவி முகவரியைத் தேடும். கீழே வலது மூலையில் 4.75 அங்குல அகலத்துக்கும் 0.625 அங்குல உயரத்துக்கும் எதையும் அச்சிடாதீர்கள். கருவி தன் பார்கோடை அங்கே பதிக்கும். சங்கச் சின்னத்தை அந்த மூலையில் போட விரும்பும் வடிவமைப்பாளர்களோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன்.

ஒரு சிறு எச்சரிக்கை. 2019 அக்டோபர் 1 முதல், ஸ்டாம்ப் ஒட்டிய தபால் 10 அவுன்ஸைத் தாண்டினாலோ அரை அங்குலத்துக்கு மேல் தடித்திருந்தாலோ அதை நீலப் பெட்டியில் போடக்கூடாது. தபால்காரருக்காக வீட்டு வாசலில் வைக்கவும் கூடாது. கவுண்டரில் நேரில் கொடுக்க வேண்டும். முன்பு இந்த எல்லை 13 அவுன்ஸாக இருந்ததால், பழைய நினைவில் போடுகிறவர்களுக்கு இன்றும் பொதி திரும்பி வருகிறது.

ஐந்தாம் படி: தேதி முக்கியமான தபாலைத் தனியாகக் கையாளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். டி.எம்.எம். 608.11 என்ற பகுதி, முத்திரையின் தேதி அஞ்சல் சேவை உங்கள் தபாலைக் கையில் வாங்கிய தேதியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்று எழுத்தில் சொல்கிறது. பெரும்பாலான முத்திரைகள் உங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் குத்தப்படுவதில்லை. பிராந்தியப் பிரிப்பு மையத்தின் இயந்திரம் முதன்முதலில் கடிதத்தைக் கையாளும்போது பதிகின்றன. நடைமுறை இப்படித்தான் முன்பும் இருந்தது. மாறியது அதைச் சுற்றியுள்ள போக்குவரத்து. பிராந்திய மையத்திலிருந்து 50 மைலுக்கு அப்பாலுள்ள பல தபால் நிலையங்களில் மாலை வண்டி நிறுத்தப்பட்டு, மறுநாள் காலையில்தான் தபால் எடுத்துச் செல்லப்படுகிறது. ஆகவே திங்கள் மதியம் நீங்கள் பெட்டியில் போட்ட கடிதம் செவ்வாய் தேதி முத்திரையையோ அதற்கும் பிந்தையதையோ பெறலாம்.

வருமான வரித் துறைக்கு அனுப்பும் கணக்கு கெடு நாளன்று தபாலில் சேர்ந்திருந்தால் போதும் என்ற சட்டப் பாதுகாப்பு முத்திரைத் தேதியை வைத்தே அமைந்தது. சில மாநிலங்களில் தபால் வாக்குக்கும் அப்படியே. ஆகையால் ஏப்ரல் 15 போன்ற கெடு நெருங்கினால் பெட்டியை நம்பாதீர்கள். கவுண்டருக்குப் போய், கையால் குத்தும் உள்ளூர் முத்திரை வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. கவுண்டரில் பணம் செலுத்தி, ஊழியர் அச்சிட்டு ஒட்டும் கட்டண லேபிளும் அன்று ஒப்படைத்ததைக் காட்டும். ஆனால் கையில் சான்று எதுவும் மிஞ்சாது என்பதால், பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் அனுப்பியதற்கு எண்ணிட்ட ரசீது தரும் சர்ட்டிஃபைடு மெயிலாக அனுப்பி, ரசீதிலும் முத்திரை குத்தச் சொல்லுங்கள். வரித் துறை விதிகளின்படி அந்த ரசீதின் முத்திரைத் தேதியே அனுப்பிய தேதியாக ஏற்கப்படுகிறது. வீட்டில் கணினியில் அச்சிட்ட கட்டண லேபிளின் தேதி முத்திரை ஆகாது. அது நீங்கள் அச்சிட்ட தேதி, அவ்வளவுதான்.

ஆறாம் படி: பார்சலை மேல்நோக்கி அளவெடுங்கள்

2023 ஜூலை 9 அன்று, முதல் வகுப்புப் பார்சல் சேவையும் வேறு சில தரைவழிச் சேவைகளும் ஒன்றாக்கப்பட்டு கிரவுண்ட் அட்வான்டேஜ் என்ற ஒரே சேவை வந்தது. 70 பவுண்ட் வரை இதில் செல்லும். 100 டாலர் காப்பீடு அதனுள்ளேயே இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் இன்னும் மறைந்துபோன சேவைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதால், 2023க்கு முந்தைய எதையும் பார்சல் விஷயத்தில் நம்ப வேண்டாம்.

2025 ஜூலை 13இல் வந்த மாற்றம் பெட்டியின் அளவைப் பற்றியது. முன்பு அங்குலத்தின் பின்னம் அருகிலுள்ள முழு எண்ணாக்கப்பட்டது. இப்போது எந்தப் பின்னமும் அடுத்த முழு அங்குலமாக உயர்த்தப்படுகிறது. இதன் விளைவை ஒரு கணக்கில் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 12.2 அங்குலம் உள்ள பெட்டியில் 3 பவுண்ட் பொருள் இருக்கிறது என்று வையுங்கள். முந்தைய முறையில் மூன்றும் 12. கன அளவு 1,728 கன அங்குலம், அதாவது சரியாக ஒரு கன அடி. அதைத் தாண்டாததால் எடைக்கு மட்டும் கட்டணம். இப்போது மூன்றும் 13. கன அளவு 2,197. ஒரு கன அடியைத் தாண்டிவிட்டதால் கன அளவை 166ஆல் வகுத்து வரும் எண்ணையே பவுண்ட் எடையாகக் கொள்ள வேண்டும்; 13.2 வருகிறது, அதுவும் மேல்நோக்கி 14 ஆகிறது. 3 பவுண்ட் பொருளுக்கு 14 பவுண்ட் கட்டணம். பெட்டி வாங்கும்போதே வெளிப்புற அளவு 12 அங்குலத்தைத் தாண்டாததாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் எழுதியிருப்பது உட்புற அளவாக இருப்பது சகஜம்.

உள்ளிருக்கும் பொருளுக்கும் விதி உண்டு. 2022 ஜூன் முதல், லித்தியம் பேட்டரி உள்ள பழைய அல்லது பழுதான மின்னணுச் சாதனங்கள் விமானத்தில் செல்லக்கூடாது. தரைவழியே மட்டும், அதைக் குறிக்கும் வாசகத்தோடு அனுப்ப வேண்டும். பிரிக்கப்படாத பெட்டியில் உள்ள புதிய கைப்பேசிக்கு வேறு விதி. பழைய கைப்பேசி விற்பவர்கள் 52ஆம் எண் வெளியீட்டைப் படிக்காமல் ஒன்றையும் அனுப்ப வேண்டாம். மலிவு விலையில் இணையத்தில் கிடைக்கும் ஸ்டாம்புகளையும் வாங்காதீர்கள். போலிக் கட்டணம் ஒட்டிய பொதியைக் கைவிடப்பட்டதாகக் கருதித் திறந்து அப்புறப்படுத்த அஞ்சல் சேவைக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது.

ஏழாம் படி: சங்கத்தின் மொத்தத் தபால்

முதல் வகுப்பு மொத்த விலைக்குக் குறைந்தது 500 உறைகள் வேண்டும். மார்க்கெட்டிங் மெயில் என்ற மலிவான வகைக்கு 200 உறைகளோ 50 பவுண்டோ போதும். லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு இதைவிடக் குறைந்த விலை உண்டு. ஆனால் வரி விலக்குக் கடிதம் கையில் இருந்தால் இந்தச் சலுகையும் தானாக வந்துவிடும் என்று எண்ணுவது பரவலான பிழை. பி.எஸ். படிவம் 3624 வழியாக அஞ்சல் சேவையிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். இரண்டு ஆண்டுகள் அந்த விலையில் ஒன்றும் அனுப்பாவிட்டால் அனுமதி ரத்தாகலாம். நிர்வாகக் குழு மாறும்போது இந்தத் தகவல் கைமாறாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். நன்கொடை தந்த வணிகருக்கு உதவியாக அவருடைய விளம்பரத் தபாலைச் சங்க அனுமதியில் அனுப்புவதும் விதிமீறலே.

முகவரிப் பட்டியலை, அனுப்பும் தேதிக்கு முந்தைய 95 நாள்களுக்குள், இடம் மாறியவர்களின் தரவோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். இயந்திரம் எளிதில் பிரிக்கும் தபாலுக்கான சலுகை விலையைப் பெற 65 கோடுகள் கொண்ட இன்டெலிஜென்ட் மெயில் பார்கோடு கட்டாயம். பழைய பார்கோடுக்கு 2013 ஜனவரி 28 முதல் சலுகை கிடையாது. விதி மாறிய பிறகு வரும் முதல் இதழுக்கு, முழுவதும் அச்சடிப்பதற்கு முன் ஒரு மாதிரியை அஞ்சல் சேவையின் வடிவமைப்பு ஆய்வாளரிடம் காட்டுங்கள். அந்த உதவிக்குக் கட்டணம் இல்லை. ஒப்புதலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வெளிநாட்டுத் தபால்

இதற்கு இன்டர்நேஷனல் மெயில் மேனுவல் என்ற தனி நூல் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பக்கம் உண்டு. 2020 மார்ச் 13 முதல் கையால் எழுதிய சுங்கப் படிவங்கள் ஏற்கப்படுவதில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் வணிகப் பொருள்களுக்கு ஆறு இலக்கச் சுங்க வகைப்பாட்டு எண்ணும் வேண்டும். 'பரிசு', 'துணி' என்று மொட்டையாக எழுதாமல், 'பெண்களுக்கான பருத்திச் சட்டை, 2' என்பதுபோல் எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: கவுண்டரில் மறுத்தால்

விதி எண்ணைக் கேளுங்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை. எந்தப் பத்தியின்படி கூடுதல் கட்டணம் என்று கேட்டால், இருவரும் ஒரே பக்கத்தைப் பார்க்கத் தொடங்குவீர்கள். பாதிச் சச்சரவுகள் அங்கேயே தீர்ந்துவிடும். மொத்தத் தபாலின் வகைப்பாட்டில் உடன்பாடு இல்லையென்றால், கேட்ட கட்டணத்தைச் செலுத்தித் தபாலை அனுப்பிவிட்டு, முடிவு வந்த 30 நாள்களுக்குள் போஸ்ட்மாஸ்டருக்கு எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யலாம். அதோடு இணைக்க வேண்டியவை: அனுப்பிய உறையின் மாதிரி ஒன்று, செலுத்திய ரசீது, நீங்கள் நம்பிய விதியின் எண், ஒப்படைத்த நாளில் அந்த விதி நடப்பில் இருந்ததைக் காட்டும் டி.எம்.எம். பக்கத்தின் நகல். கடைசியாகச் சொன்ன நகலை, தபாலை ஒப்படைக்கும் நாளிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.